கால்மாட்டில் நின்று எழுப்புகிறவர்கள்

ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிற சமூகப் பணியாளர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டால், உடனே ஒரு கேள்வி வரும். “போர்க் கதையெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்குத் தூக்கம் வருமா?” உண்மையில் போர்க் கதை என் மேசைக்கு வருவது அபூர்வம். முதலில் வருவது விண்ணப்பப் படிவம்தான். ஓய்வூதியக் கணக்கில் குழப்பம், காது சரியாகக் கேட்கவில்லை, முதுகு வலி தாங்கவில்லை, மருத்துவமனைச் சீட்டு தொலைந்துவிட்டது, பிள்ளையின் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்குமா. இப்படித்தான் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ராணுவத்தில் இருந்தவர் நேரில் வருவதில்லை. மனைவி வருவார், சில சமயம் அம்மா, சில சமயம் வளர்ந்த மகள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன காகிதங்கள்.

பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மன ஆறுதல் சொல்லிக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் படிவம் நிரப்புகிறோமே என்று சங்கடப்படுவார்கள். எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில் உயிரை வைத்து வாழ்ந்தவர்கள் இவர்கள். வியாழக்கிழமை கூப்பிடுகிறேன் என்று நான் சொன்னால், வியாழக்கிழமை கூப்பிட வேண்டும். தகவல் ஒன்றும் இல்லையென்றால் “இன்னும் ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்லவாவது கூப்பிட வேண்டும். நாலைந்து வியாழக்கிழமைகள் இப்படிப் போன பிறகுதான் எதிர்முனையில் இருப்பவர், “ராத்திரியில எனக்குச் சரியாத் தூக்கம் இல்லைங்க” என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். அந்த ஒரு வரிக்குக் காகிதம்தான் வழி போட்டுக் கொடுத்திருக்கும்.

காகிதத்திலேயே ஒரு பெரிய சிக்கலும் உண்டு. பணியில் ஏற்பட்ட பாதிப்புக்கு உதவித்தொகை வேண்டுமென்றால், அது பணியில்தான் ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். ஆனால் பணியில் இருக்கும்போது உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்துகொள்வதை எந்தப் படையிலும் வீரர்கள் விரும்புவதில்லை. கூட இருப்பவர்கள் மேல் தன் சுமை விழும், பதவி உயர்வு தள்ளிப்போகும், சோம்பேறி என்று பெயர் வரும். அதனால் காதில் இரைச்சலோடு, முழங்கால் வீக்கத்தோடு, பக்கத்தில் வெடித்ததற்குப் பிறகு வந்த தலைவலியோடு வேலை பார்த்திருப்பார்கள். காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவதும் வீரர்களிடம் எவ்வளவு சகஜம் என்றால், அமெரிக்காவில் பணி சார்ந்த பாதிப்பாக ஏற்கப்பட்டவற்றில் முன்வரிசையில் நிற்பவை இந்த இரண்டும்தான். இருந்தும் பத்து இருபது ஆண்டு கழித்துப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றும் இருக்காது. ‘முழு உடல்தகுதியுடன் விடுவிக்கப்பட்டார்’ என்று மட்டும் இருக்கும்.

அப்போது நாங்கள் சாட்சியம் தேடுவோம். உடன் பணியாற்றியவர்கள் எழுதித் தரும் கடிதம், பழைய புகைப்படம், வீட்டுக்கு எழுதிய கடிதம். அப்புறம், வீட்டில் இருப்பவர்கள் தாங்கள் கண்ணால் பார்ப்பதை எழுதித் தரும் வாக்குமூலம். இந்தக் கடைசி ஒன்றை எழுத உட்கார்ந்த நாட்களில்தான் இந்த வேலையைப் பற்றி நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்காக அப்படி ஒரு வாக்குமூலம் எழுத வந்தார். அவர் என்னவெல்லாம் கஷ்டப்படுகிறார் என்று கேட்டால், “கோபம் வரும் மேடம், மத்தபடி நல்ல மனுஷன்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். கேள்வியை மாற்றினேன். “காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் அவருக்காக நீங்க என்னெல்லாம் செய்றீங்க? வரிசையாச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.”

“பெருசா ஒண்ணும் இல்ல மேடம். எழுப்பும்போது பக்கத்துல போக மாட்டேன். கால்மாட்டுல தள்ளி நின்னு, ‘நான்தாங்க, விடிஞ்சிடுச்சு, எழுந்திரிங்க’ன்னு ரெண்டு மூணு தடவை சொல்வேன். ஒரு தடவை தோளைத் தொட்டு எழுப்பினப்போ கையைப் பிடிச்சு முறுக்கிட்டார். அவருக்கே தெரியாது, பாவம். அப்புறம் ரொம்ப அழுதார்.”

எழுதிக்கொண்டேன். அடுத்தது வந்தது. வீட்டில் எந்தத் தொலைபேசியும் மணி அடிக்காது, எல்லாமே அதிர்வில்தான். காற்றில் அடித்துச் சாத்தாமல் இருக்க ஒவ்வொரு கதவுக்கும் கீழே துணி மடித்து வைத்திருக்கிறார். பையன் மாடிப்படியில் ஓடக்கூடாது. பிறந்தநாளுக்குப் பலூன் கட்டுவதில்லை. கணவர் கூடத்துக்கு வரும் காலடிச் சத்தம் கேட்டால் செய்திச் சேனலை மாற்றிவிடுவார். சமையலறையிலிருந்து வரும்போது வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடப்பார், யாரோ வருகிறார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று. ராத்திரி பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு உரக்கச் சொல்வார், “பூட்டிட்டேன்.” இல்லையென்றால் அவர் எழுந்து போய்ப் பார்ப்பார், அப்புறம் விடிய விடியத் தூங்க மாட்டார். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு இவர் மட்டும் போவார். “அவருக்கு வேலை இருக்கு” என்று சொல்லிச் சொல்லி இப்போது யாரும் கேட்பதே இல்லை.

பக்கம் நிரம்பித் திருப்பி எழுதினேன். முடித்ததும் படித்துக் காட்டினேன். “இவ்வளவும் நானா செய்றேன்?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “பையனும் செய்றான் மேடம், அதையும் எழுதுங்க” என்றார். பள்ளித் தோழர்கள் யாரையும் அவன் வீட்டுக்கு அழைத்து வருவதில்லையாம். யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. தானாகவே நிறுத்திக்கொண்டான்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போரிலிருந்து ஒருவர் திரும்பி வந்தால் வீடு அவரைச் சுற்றித் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மாற்றமும் அன்பினால் வந்தது, ஒவ்வொன்றும் அன்றைக்கு நியாயமானது. ஆனால் எல்லாம் சேர்ந்து வீட்டைச் சுருக்கிவிடுகின்றன. பலூனே கட்டாத வீட்டில், பலூன் வெடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று அவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பயம் தவிர்ப்பதில்தான் வளரும். குடும்பம் அவருக்காகத் தவிர்த்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் பயமும் பத்திரமாக இருக்கிறது. குடும்பத்தின் உலகமும் குறுகிக்கொண்டே போகிறது. சிகிச்சைக்கு அவரை மட்டும் அனுப்பிவிட்டு இந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவைத்தால், மருத்துவர் அறையில் கிடைத்த முன்னேற்றம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

போரின் காயத்துக்கு மருத்துவம் எத்தனையோ பெயர் வைத்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்களிடம் கண்ட படபடப்பையும் மூச்சுத் திணறலையும் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் எழுதினார். அதை இதயத்தின் கோளாறாகப் பார்த்தார். 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ‘ஷெல் ஷாக்’, அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயரில் மருத்துவக் கட்டுரை வெளியிட்டார். 1980-ல்தான் பி.டி.எஸ்.டி. என்று இன்று நாம் சொல்லும், பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநோய் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்றது. நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்மாட்டில் நிற்பவர் குறிப்பேட்டின் ஓரத்தில்தான் இருந்தார்.

எங்கள் தொழிலின் ஒரு கிளையே இந்தக் காயத்திலிருந்து பிறந்தது. 1918-ல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில், முதல் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு உதவுவதற்காக மனநல சமூகப் பணிக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பெண்களுக்கான பயிற்சி அது. வீடு, வேலை, உறவு, பணம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதையெல்லாம் சேர்த்து ஒரு மனிதரைப் புரிந்துகொள்வது அன்றிலிருந்தே எங்கள் வேலை. அதனால்தான் ஒரு மனைவியிடம் “நீங்க என்ன செய்றீங்க” என்று கேட்பதை நான் உபரி வேலையாக நினைப்பதில்லை.

குடும்பங்களின் வலிக்குப் பெயர் கொடுத்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தவர் அவர். இரண்டு விதமான இழப்பைப் பிரித்துக் காட்டினார். ஆள் கண்முன் இல்லை, ஆனால் மனதை விட்டுப் போகவில்லை என்பது ஒன்று; காணாமல்போனவர்களின் வீடு அப்படி. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அவர் இங்கே இல்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைச் சொல்லி விளக்கும்போது என் எதிரே இருக்கும் மனைவிகள் பலர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். “உயிரோடதான் திரும்பி வந்தார், நான் எதுக்கு அழறேன்னு எனக்கே கோபமா வரும்” என்று ஒருவர் சொன்னார். உயிரோடு வந்தவருக்காகத் துக்கப்படுவது நன்றி கெட்டதனம் என்று நினைத்து அந்தத் துக்கத்தை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கியது வேறு ஏதாவது வழியாக வெளியே வரும், பெரும்பாலும் பிள்ளைகள் மேல்.

சரி, சுருங்கிய வீட்டை எப்படித் திறப்பது? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது ஆபத்து. எழுதி வைத்த பட்டியலை எடுத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரோடும் உட்காருவோம். முதலில் எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்வோம். கால்மாட்டில் நின்று எழுப்புவதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். அது இருவருக்கும் பாதுகாப்பு, அதில் யாரும் எதையும் இழக்கவில்லை. செய்திச் சேனலும் போகட்டும். தொலைபேசி மணியிலிருந்து தொடங்கலாம். பகலில், அவர் விழித்திருக்கும்போது, மெல்லிய சத்தத்தில். கதவுத் துணிகளில் ஒன்றை மட்டும் எடுக்கலாம், எந்தக் கதவு என்று அவரே சொல்லட்டும். இதில் முக்கியமானது, அவருக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்பது. இத்தனை நாள் அவருக்குத் தெரியாமலேயே அவருக்காகச் செய்தார்கள். பட்டியலைப் பார்த்ததும் பல ஆண்கள் உடைந்துபோவார்கள். “நான் கேட்கவே இல்லையே” என்பார்கள். ஆமாம், கேட்கவில்லை. பையனும் கேட்டுக்கொள்ளப்படாமலேயே நண்பர்களைக் கூப்பிடுவதை நிறுத்தினான்.

கேண்டிஸ் மான்சன், ஸ்டெஃபனி ஃப்ரெட்மன் ஆகியோர் உருவாக்கிய தம்பதி சிகிச்சை இந்த வழியில்தான் போகிறது. பதினைந்து அமர்வுகள், இருவரும் சேர்ந்து வர வேண்டும், தவிர்த்துவந்த இடங்களுக்கும் பேச்சுகளுக்கும் இருவரும் சேர்ந்தே திரும்ப வேண்டும். 2012-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், இதனால் நோயின் தீவிரமும் குறைந்தது, உறவில் மனநிறைவும் கூடியது என்று கண்டார்கள். இதை நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நான் அந்தச் சிகிச்சையாளர் இல்லை. என் வேலை அவர்களைச் சிகிச்சையாளரிடம் கொண்டுசேர்ப்பதும், நடுவில் விட்டுவிடாமல் கூடவே இருப்பதும்தான். ஆனால் பட்டியலைப் போட்டுப் பார்க்க எந்த வீட்டுக்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் கை முறுக்கப்படுவது வேறு, விழித்திருக்கும் மனிதர் அடிப்பது வேறு. முதலாவதைக் கேட்டால் படுக்கை ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவேன். இரண்டாவதைக் கேட்டால், மற்ற எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்க என்ன வழி என்று மட்டும் பார்ப்பேன். நோய் கோபத்தை விளக்கும். அடிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. அதனால்தான் யாராக இருந்தாலும் ஒரு முறையாவது கணவர் இல்லாமல் தனியாகப் பேசிவிடுவேன். “அவர் நாட்டுக்காக எவ்வளவு பட்டிருக்கார், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிச் சொல்லி வாயை அடைத்த பெண்கள் பலர். அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று இதைப் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அதே சமயம், ராணுவத்திலிருந்து வந்தவர் என்றாலே மனம் உடைந்தவர் என்று நினைப்பதும் அநியாயம். போருக்குப் போய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு பி.டி.எஸ்.டி. வருவதில்லை. என்னிடம் வருபவர்களில் நிறையப் பேருக்குச் சிக்கல் வேறு. இருபது வயதிலிருந்து எப்போது எழ வேண்டும், என்ன உடுத்த வேண்டும், யாரோடு நிற்க வேண்டும் என்பது தெரிந்த வாழ்க்கை. நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ அது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடுகிறது. புது வேலையில் நேரத்துக்கு வராதவர்களைப் பார்த்துக் கொதிப்பார்கள். வீட்டிலோ அவர் இல்லாமலேயே எல்லாம் நடந்து பழகியிருக்கும். வங்கி, பள்ளிக்கூடம், பழுது பார்ப்பவர் எல்லாம் மனைவியின் கையில். அவர் வந்து அதிகாரம் எடுத்தால் சண்டை, எடுக்காவிட்டால் விருந்தாளி. இதற்கு மருந்து இல்லை. யார் எந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வதற்கு ஒரு மூன்றாம் ஆள் தேவைப்படுகிறார், அவ்வளவுதான். அந்த மூன்றாம் ஆளாகப் பல நாள் இருந்திருக்கிறேன், மிகவும் திருப்தியான வேலை.

பயத்தைவிடக் குற்றவுணர்ச்சி பெரிதாக இருப்பவர்களும் உண்டு. செய்தது, செய்யாமல் விட்டது, காப்பாற்ற முடியாமல்போனது, மேலிருந்து வந்த உத்தரவு. பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் இதை அறம் சார்ந்த காயம் என்று தனியாகவே பேசினார். இப்படிப்பட்டவரிடம் “உங்க மேல தப்பே இல்ல” என்று குடும்பத்தினர் அவசரமாகச் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் அவருக்கு அது, ‘இதற்கு மேல் பேசாதே’ என்று கேட்கும். கேள்விகூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

கடினமான கேள்வியையும் கேட்டாக வேண்டும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுற்றி வளைக்காமல், சாதாரணக் குரலில் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் உடனே அவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம். பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கிய முறை இது. ஒரே தாள். எந்த அறிகுறி வந்தால் நிலைமை மோசமாகிறது என்று தெரியும், தனியாக என்ன செய்து பார்க்கலாம், யாரோடு இருந்தால் கவனம் மாறும், யாரிடம் வாய்விட்டு உதவி கேட்கலாம், எந்த மருத்துவர், எந்த நெருக்கடி உதவி எண், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும். எல்லாம் அவர் வார்த்தையில், அவர் கையெழுத்தில். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் தாளை எழுதவைத்து, பிறகு தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன என்று 2018-ல் வெளியிட்டார்கள். அந்தத் தொலைபேசி அழைப்பை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். தாளின் கடைசி வரியையும்தான். வீட்டில் துப்பாக்கி இருந்தால், நிலைமை சீராகும் வரை அது வேறு இடத்தில் இருக்கட்டும். சேர்த்து வைத்த மாத்திரைகளும் அப்படியே. அந்த எண்ணத்தின் உச்சம் பல சமயம் சில நிமிடங்களில் வந்து போவது. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருப்பதுதான் உயிரைக் காக்கிறது. இதைக் குடும்பத்தினர் “உங்களை நம்பல” என்ற தொனியில் சொல்லாமல், “எனக்காகக் கொஞ்ச நாள்” என்று கேட்டால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

மனைவிகளுக்காக நாங்கள் நடத்தும் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டமாக நாற்காலி, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம். புதிதாக வந்தவர் வாய் திறக்க மாட்டார். யாராவது ஒருவர் செருப்பைத் தேய்த்து நடப்பதைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் “நான் தொண்டையைச் செருமுவேன்” என்பார், மூன்றாமவர் வளையலை ஆட்டிக்கொண்டே அறைக்குள் போவதாகச் சொல்வார். அப்போது புதிதாக வந்தவர் சிரித்துவிடுவார், அப்புறம் அழுவார். நான் சொல்லிக் கொடுக்கக்கூடிய எதையும்விட அந்த இரண்டு மணி நேரம் அவர்களுக்கு அதிகம் செய்கிறது. மாமியார்களும் வர ஆரம்பித்த பிறகு குழு இன்னும் நன்றாகிவிட்டது. மகனின் மாற்றத்துக்கு மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், வேறொரு வீட்டு மருமகளின் வாயால் கேட்டபோது புரிந்துகொண்டார்கள்.

உங்கள் வீட்டிலும் ராணுவத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தால் இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது அந்தப் பட்டியல். ஒரு வார காலம், அவருக்காக வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள், பிள்ளைகளையும் கேளுங்கள். மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ போகும்போது அதை எடுத்துப் போங்கள். “தூக்கம் இல்லை, கோபம் வருது” என்பதைவிட அது ஆயிரம் மடங்கு சொல்லும்.

இரண்டாவது, அந்தப் பிளாஸ்டிக் உறை. பணி விடுவிப்புச் சான்று, மருத்துவப் பதிவேடு, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றுக்கு நகல் எடுத்து வேறு ஒரு வீட்டில் ஒரு தொகுதி கொடுத்து வையுங்கள். படைப் பதிவேட்டில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும், அடையாள அட்டையில் இருக்கும் அதே எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அவர் இருக்கும்போது என்றால் ஒரு கடிதத்தில் சரிசெய்துவிடலாம். அவர் போன பிறகு அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைகிற விதவைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் நன்றாக இருக்கும் ஒரு நாளில், அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.